மிஸ்ஸியின் ஸ்கூட்டிப் புளக்

கல்முனைப் பெருந்தெருவில் குருக்கள்மடத்தைக் கடந்து போகிறவர்கள் நாகரெத்தினத்தின் வண்டி திருத்தும் கராச்சைத் தவறவிடுவதில்லை. பெயர்ப்பலகை இருப்பதால் அன்று. அப்படியொன்று அங்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. அந்தத் தகரக் கொட்டகைக்கு முன்னால் எந்நேரமும் நாலைந்து பேர் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். கொட்டகை நிற்கும் வளவு அவருடைய மனைவி அன்னப்பூரணிக்குச் சீதனமாக வந்தது. மட்டக்களப்பு வழக்கப்படி, வெல்லாவெளியில் பிறந்த நாகரெத்தினம் கலியாணத்தோடு மனைவி வீட்டுக்கு வந்து குடியேறியவர். வரும்போது அவர் கொண்டுவந்த சொத்து ஸ்பேனர்ப் பெட்டி ஒன்றும், எஞ்சின்களைப் பற்றிய நல்ல கண்ணுந்தான் என்று அன்னப்பூரணி சொல்வாள். கோபம் வந்த நாள்களில், "கண்ணோட சேத்து ஒரு வாயும் கொண்டு வந்தார்" என்று கூட்டிச் சொல்வாள்.

அந்தக் கண் பயின்றது வெல்லாவெளி வயல் வட்டைகளில். வாய்க்கால் வற்றிய போகங்களில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகள் பழுதானால், சண்டைக் காலத்தில் உதிரிப்பாகம் எதுவும் ஊருக்குள் வந்து சேராது. புதிய புளக் ஒன்று கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. இளைஞனான நாகரெத்தினம் பழைய புளக்கைக் கழற்றுவார், உரசுவார், திரும்பப் பூட்டுவார், இரண்டு நாளில் அது மறுபடியும் கெட்டுப்போகும், மறுபடியும் கழற்றுவார். இப்படிக் கழற்றிக் கழற்றிப் பார்த்ததில், அவர் கேளாமலே புளக் அவருக்குக் கதை சொல்லத் தொடங்கியது.

எஞ்சினின் தலையில் திருகி வைத்திருக்கும் விரல் நீளச் சாமான்தான் புளக். அதன் நுனியில் தெறிக்கும் பொறியில்தான் பெற்றோல் எரிகிறது. எப்படி எரிந்தது என்பதற்கான சாட்சி அந்த நுனியிலேயே படிந்துவிடும். பால் விட்ட தேயிலையின் நிறத்தில் அதன் பீங்கான் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. எண்ணெய் ஊறிப் பளபளக்கும் கறுப்பென்றால் உள்ளே வளையம் தேய்ந்து ஒயில் மேலேறுகிறது. வெளிறிக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. நெல்லைப் பிரிக்கும் ஒரு சூடடிப்புக் காலத்தில், வயற்காரர் ஒருவர் கொண்டுவந்த மோட்டார் சைக்கிளின் புளக்கை மட்டும் பார்த்துவிட்டு, "காத்து வடிக்குள்ள நெல்லுச் சப்பி அடைஞ்சிரிக்கு" என்றார். காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்தால் அங்கே ஒரு கைப்பிடி பதர். இன்னொருவர் மகனுக்குப் பைக்கைக் கொடுப்பதே இல்லையென்று சத்தியம் செய்தபோது, வெந்து வெளுத்த புளக்கை அவருடைய மூக்குக்கு நேரே பிடித்து, "அப்ப நீங்கதான் இந்த வயசில ரேஸ் ஓடுறீங்க" என்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு, குறி சொல்கிறவரைப் போல, புளக் சாத்திரியார் என்ற பெயர் விழுந்தது. அவர் அதை மறுக்கவில்லை. உள்ளூர விரும்பினார்.

சாத்திரியாரிடம் ஒரு விதி இருந்தது. வண்டி கொண்டுவருகிறவர் வாய் திறக்கக்கூடாது. என்ன வருத்தம், எப்போது தொடங்கியது, எங்கே ஓடுகிறது என்று யாராவது தொடங்கினால் உடனே கையை உயர்த்திவிடுவார். "சொல்லாதீங்க. அவர் சொல்லட்டும்" என்று எஞ்சினைக் காட்டுவார். கேட்டுச் சொல்வது எந்த மெக்கானிக்கும் செய்வது. கேளாமல் சொல்வதுதான் தமது கெட்டித்தனம் என்று அவர் நம்பினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதற்காகத்தான் வந்தார்கள்.

மாரிப் போக அறுவடை தொடங்கியிருந்த ஒரு முற்பகலில் கஜானி தன் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு கராச்சுக்கு வந்தாள். அவள் வாவிக்கு அப்பால், படுவான்கரையில், அம்பிளாந்துறைப் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல மருத்துவமாது. ஊருக்கு மிஸ்ஸி. கர்ப்பிணிகளை வீடுவீடாகப் போய்ப் பார்ப்பது, பிறந்த குழந்தைகளை நிறுப்பது, ஊசிக்குத் தவறுகிற தாய்மாரைத் தேடிப் பிடித்து ஏசுவது எல்லாம் அவளுடைய வேலை. ஏச்சில் அவள் முகம் பார்ப்பதில்லை என்பதால், அவளுக்கு நல்ல பெயரும் இருந்தது, மனத்தாங்கல்காரரும் இருந்தனர். செட்டிபாளையத்திலிருந்து வந்து, குருக்கள்மடத் துறையில் பாதையில் ஸ்கூட்டியை ஏற்றித்தான் தினமும் அக்கரை போவாள். வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள்.

"அண்ணே, நிண்டு நிண்டு போகுது. சுறுக்காப் பாத்துத் தாங்க, பாதைக்கு நேரமாகுது. நான் போற இடத்தில எல்லாம்..."

"சொல்லாதீங்க மிஸ்ஸி. அவர் சொல்லட்டும்."

கொட்டகை நிழலில் ஓட்டோக்காரத் தங்கராசாவும், வாவியில் மீன்பிடிக்கும் குஞ்சித்தம்பியும், இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். நாகரெத்தினம் புளக்கைக் கழற்றி, வெயிலுக்குக் காட்டி, மெல்லத் திருப்பினார். உலர்ந்த கறுப்பு. சோற்றுப் பானையின் அடிக்கரியைப் போல மெத்தென்று படிந்திருந்தது. விரலால் தொட்டு, விரலை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

"இந்த ஸ்கூட்டி தூரம் போறதே இல்ல, மிஸ்ஸி. எடுக்கிறது, நிப்பாட்டுறது. எஞ்சினைச் சூடேற விடுறதே இல்ல."

தங்கராசாவுக்கு அது போதுமாக இருந்தது. "அப்ப மிஸ்ஸி படுவான்கரை முழுக்கச் சுத்துறதெல்லாம் எதில? கனவிலயா?"

"பாதையடி வரைக்கும் போய், தண்ணியப் பாத்து ஒரு கும்பிடு போட்டிட்டுத் திரும்பிருவா போல" என்றார் குஞ்சித்தம்பி.

கொட்டகை அதிர்ந்தது. கஜானியின் முகம் சிவந்து பின் வெளுத்ததை நாகரெத்தினம் கண்டார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்ததையும் கண்டார். அந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவளைப் பேச விட்டிருந்தால் இன்னும் நன்று. ஆனால் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அது அவருடைய சிரிப்பு, அவர் எழுப்பியது. இன்னொரு வாய் ஊதினால் இன்னும் எரியும் என்று தெரிந்தது. கையை உயர்த்தினார்.

"ஆர் என்ன சொன்னாலும், புளக் பொய் சொல்லாது மிஸ்ஸி."

கஜானி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பூட்டித் தாங்க. பாதை போயிரும்" என்றாள். அவர் கம்பித் தூரிகையால் கரியை உரசி, அதே புளக்கைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தார். ஸ்கூட்டி உறுமிக்கொண்டு போனது. கூட்டம் அவள் மறையுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றது.

தங்கராசாவின் ஓட்டோ ஒரு நாளில் போகாத இடமில்லை. களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போனது, மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்குப் போனது. அது போன இடமெல்லாம் அந்தப் பகிடியும் ஏறிப் போனது. அம்பிளாந்துறையில், பிள்ளைக்கு ஊசி போடத் தவறியதற்காகப் பலர் முன்னிலையில் மிஸ்ஸியிடம் ஏச்சு வாங்கிய தகப்பன் ஒருவன் இருந்தான். அவன் காதில் விழுந்தபோது அது பகிடியாக இருக்கவில்லை. மிஸ்ஸி ஊருக்குள் வருவதில்லை, வீட்டிலிருந்தபடியே வந்ததாகக் கணக்குக் காட்டுகிறாள், வேண்டுமானால் ஸ்கூட்டியைப் பார்த்த மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள் என்று அவன் மேலதிகாரிகளின் கந்தோரில் போய் முறையிட்டான்.

இந்தச் செய்தியைக் குஞ்சித்தம்பிதான் கராச்சுக்குக் கொண்டுவந்தார். "சாத்திரியாரே, ஒங்கட சாத்திரம் கந்தோர் வரைக்கும் போயிட்டு!"

நாகரெத்தினம் சிரித்தார். பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது அவரை அதிகம் குத்தியது இந்தச் சிரிப்புத்தான். ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டபோது, அவருக்கு முதலில் தோன்றியது தம்முடைய சொல் கந்தோரில் எடுபட்டது என்ற பெருமை. அன்று பகல் முழுவதும் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்.

அந்தக் கிழமையே அவர் அக்கரைக்குப் போனார். மகன் மதுஷன் அம்பிளாந்துறையில் கலியாணம் முடித்து மனைவி வீட்டில் இருக்கிறான். மருமகள் தக்சிகா பெண்பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைப்பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் சரக்குச் சாமானை அன்னப்பூரணி கட்டிக் கொடுத்திருந்தாள். பேத்தியைக் கையில் வாங்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டு, நாகரெத்தினம் முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

வேலிகளுக்கு அப்பால் எங்கோ ஒரு ஸ்கூட்டி உயிர் பெற்றது. ஆறிய எஞ்சினின் தடித்த இருமல். ஒரு வளவு தூரம் ஓடிற்று, நின்றது. நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபடியும் அதே இருமல், அதே குறுகிய ஓட்டம், அதே நிறுத்தம். சற்றுக் கிட்ட வந்திருந்தது. பிறகு இன்னொரு முறை. தொழிற்காரரின் காது பொறுக்கவில்லை.

"ஆர்ரா மனே இது? எஞ்சினை இப்பிடிக் கொல்லுறான்?"

கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்த மதுஷன் திரும்பாமலே சொன்னான்: "மிஸ்ஸி, அப்பா. இந்த ஒழுங்கையில வீட்டுக்கு வீடு கர்ப்பிணியும் கைப்பிள்ளையும். ஒவ்வொண்டா ஏறி இறங்கி வாறா. இஞ்ச வந்து சேர மத்தியானமாகிரும்."

நாகரெத்தினம் கதிரையின் நுனிக்கு வந்தார். தாம் கராச்சில் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்த கரி எப்படிப் படிந்தது என்பதை இப்போது காதால் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறிய எஞ்சினுக்குள் பெற்றோல் கூடுதலாகப் போகும். சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து கழியும். சூடேறுவதற்குள் அடுத்த வீட்டு வாசல் வந்துவிடுகிறது. பாதையிலும் எஞ்சினை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். அந்தப் பாதையில்தானே அவரும் வந்து இறங்கினார்? அந்தக் கரி அவள் போகாத வீடுகளின் கரி அன்று. போன வீடுகளின் கரி. ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு படலமாக அங்கே படிந்திருந்தது. அதை ஊருக்குக் காட்டித்தான் அவர் அவளைக் கள்ளியாக்கியிருந்தார்.

எழுந்து உள்ளே போய்விடலாமா என்று நினைத்தார். அதற்குள் ஸ்கூட்டி படலையடியில் வந்து நின்றது.

கஜானி அவரைக் கண்டாள். கண்டதற்கான அடையாளம் அவள் முகத்தில் இல்லை. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு முழுவதும் முற்றத்துக்குக் கேட்டது.

"பால் நல்லாக் குடிக்கிறாவா? தொப்புளில ஒண்டும் பூசல்லதானே? ஆர் சொன்னாலும் பூசப்படாது. ஒங்கட அம்மா சொன்னாலும் பூசப்படாது."

"இல்ல மிஸ்ஸி." தக்சிகாவின் குரல் தாழ்ந்தது. "மிஸ்ஸி, ஒங்களை இஞ்சருந்து மாத்தப் போறாங்களாம். மெய்யா?"

"புதன்கிழமைக் கிளினிக்குக்குப் பெரிய மிஸ்ஸி வாறா, விசாரிக்க. மறுகாத்தான் தெரியும்."

"ஆரோ ஒரு கராச்காரன் சொன்னதாம். என்ன மனிசனோ! அவனுக்கு என்ன தெரியும், நீங்க வெயிலுக்க படுற பாடு?"

மதுஷன் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். நாகரெத்தினம் உள்ளேயிருந்து வரப்போகும் பதிலுக்குக் காத்திருந்தார். அவள் ஒரு சொல் சொன்னால் போதும். முற்றத்தில் இருக்கிறாரே, ஒங்கட மாமா, அவரைக் கேளுங்க என்று சொல்ல அவளுக்கு எல்லா உரித்தும் இருந்தது.

"பிள்ளையை இந்தப் பக்கம் திருப்பிப் பிடிங்க" என்றாள் கஜானி.

அவள் வெளியே வந்து ஸ்கூட்டியை உதைத்தாள். அது எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தாள். நாகரெத்தினம் கதிரையை விட்டு எழுந்து இரண்டடி வைத்தார்.

"வேணாம்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. பிறகு ஸ்கூட்டியின் கைபிடிகளைப் பற்றி, ஒழுங்கை மணலில் அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அது நீங்கதானெண்டு தக்சிகாக்கு நான் சொல்லல்ல, அப்பா" என்றான் மதுஷன் மெதுவாக.

பாதையில் திரும்பி வரும்போது, வேறு யாரும் சொல்லாமலே இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. நிறுத்தி நிறுத்தி ஓடுகிற எஞ்சினுக்கென்று, கரி பிடிக்காமல் எரித்துவிடும் சூடு கூடின புளக் இருக்கிறது. அது அவருடைய கொட்டகையிலேயே, மேசை இலாச்சிக்குள்ளேயே இருந்தது. அதைப் பூட்டிவிட்டிருந்தால் ஸ்கூட்டி இன்று மணலில் நின்றிருக்காது. ஆனால் அன்று அவர் வியாதியைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு, மருந்து கொடுக்காமலே அனுப்பிவிட்டார். முப்பது வருடத்துத் தொழிலில் தாம் என்ன செய்துகொண்டிருந்தோம், எஞ்சினைத் திருத்தினோமா, கூத்துக் காட்டினோமா என்ற கேள்வி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்க, பேத்தி ஆரைப் போல?" என்று ஆவலோடு கேட்ட அன்னப்பூரணி, அவர் முகத்தைக் கண்டு பேச்சை நிறுத்தினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் அண்டைக்குச் சமையலுக்க நிண்டு ஒங்கட சிரிப்பைக் கேட்டனான்" என்றாள் முடிவில். "ஆரோ ஒரு பொம்புள வாயடைச்சுப் போய் நிக்கிறாளெண்டு அப்பவே விளங்கிச்சு. சொன்ன வாயாலதான் போய்ச் சொல்லணும். வேற வழி இல்ல."

அவர் முதலில் தேடியது வேறு வழியைத்தான். மறுநாள் தங்கராசா தனியாக அகப்படும்வரை காத்திருந்து, கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"தம்பி, அந்த மிஸ்ஸிட கதையைக் கொஞ்சம் மாத்திச் சொல்லிவிடு."

"ஏன், நீங்க புளக் பாத்தது பிழையா?"

"பாத்தது பிழை இல்ல."

"பிழை இல்லாட்டி என்னத்தை மாத்திற? சாத்திரியாரே, நான் என்ட பேச்சாச் சொல்லல்ல, ஸ்கூட்டியைப் பாத்த மெக்கானிக்கே சொன்னாரெண்டுதான் ஊரெல்லாம் சொன்னன். அதாலதான் சனம் நம்பிச்சு. இப்ப என்னைப் பொய்யனாக்கிப் போடாதீங்க."

தங்கராசா பகிடியாகவே சொன்னான். ஆனால் நாகரெத்தினத்துக்கு அந்தச் சொற்களில் தப்பிக்க இடமில்லாமல் போயிற்று. கண் பிழைத்துவிட்டது என்று சொல்வது எளிது, யாருக்கும் கண் பிழைக்கும், ஊர் மன்னித்துவிடும். ஆனால் அது பொய். கண் சரியாகத்தான் பார்த்தது. பிழைத்தது சிரிப்புக்கு ஆசைப்பட்ட வாய்.

செவ்வாய்க்கிழமை மதுஷன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, நாளைக்கு இஞ்ச வந்திராதீங்க. பேசாம விட்டாச் சனம் மறந்திரும். நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்தவன். அந்தக் கராச்காரன் என்ட அப்பாதானெண்டு நாலு பேருக்குள்ள தெரிஞ்சா, நான் எப்பிடித் தலை நிமிர்ந்து ஒழுங்கையில நடக்கிற?"

"மிஸ்ஸி எப்பிடி மனே நடக்கிற?" என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. மகனுக்கும் சேர்த்துத்தான் தாம் வெட்கத்தைத் தேடி வைத்திருக்கிறோம் என்பது புரிந்ததால், "ம்" என்று மட்டும் சொல்லி வைத்தார். இரவுச் சோற்றில் கை வைக்காமலே எழுந்தார்.

புதன்கிழமை காலை, இலாச்சியிலிருந்து ஒரு புளக்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாதையேறினார்.

கிளினிக், ஊரின் பொதுக் கட்டடம் ஒன்றில் நடந்தது. சுவரோரமாகத் தாய்மார் பிள்ளைகளோடு வரிசையில் இருந்தார்கள். வளையிலிருந்து தொங்கிய தராசுக்குப் பக்கத்தில் கஜானி நின்றாள். மேசையில் பெரிய மிஸ்ஸி அஸீமா, மேற்பார்வை மருத்துவமாது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முறையிட்டவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே மதுஷன் நின்றான். தகப்பனைக் கண்டதும் அவன் கண்கள், போங்க அப்பா என்று கெஞ்சின.

"...நான் சொல்லல்ல மிஸ், அந்த மெக்கானிக்தான் ஸ்கூட்டியைப் பாத்திட்டுச் சொல்லிரிக்கார். இது எங்கயும் ஓடுறல்லயாம்."

"அந்த மெக்கானிக் நான்தான்" என்றார் நாகரெத்தினம்.

கட்டடம் திரும்பிப் பார்த்தது. வரிசையில் யாரோ, "தக்சிகாட மாமா எலுவா இது?" என்றாள். "மதுஷன்ட அப்பா" என்றாள் அடுத்தவள். அந்தப் பெயர் வாய்க்கு வாய் மாறிச் சுவரோரமாகக் கடைசிவரை போனது. அது போய் முடியும்வரை அவர் நின்றார்.

அஸீமா கண்ணாடியை இறக்கினார். "நீங்க அப்பிடிச் சொன்னீங்களா?"

"ஓம். தூரம் போறதே இல்லயெண்டு சொன்னன்."

"இப்ப வந்து, பாத்தது பிழையெண்டு சொல்லப் போறீங்க, அப்படித்தானே?"

"இல்ல மிஸ். பாத்தது சரி. இந்த ஸ்கூட்டி தூரம் போறல்லதான். ஒரு வாசலில எடுத்து அடுத்த வாசலில நிப்பாட்டுற ஸ்கூட்டி. அப்பிடி நாள் முழுக்க ஓடினாத்தான் புளக்கில அந்தக் கரி பிடிக்கும். வீட்டில கிடந்தாப் பிடியாது. இவ வேலை செய்யிறதுக்கு அந்தக் கரிதான் சாட்சி. நான் அதைத் தலைகீழாச் சொல்லிப் போட்டன்."

"அண்டைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே?"

இங்கேதான் ஒரு நல்ல பொய் தேவைப்பட்டது. யோசிக்கவில்லை, அவசரம், வேலை கூட என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.

"நான் அவவைக் கேக்கல்ல மிஸ். அவ சொல்ல வாயெடுத்தா. நான் கையைக் காட்டி நிப்பாட்டினன். முகம் மாறினதையும் கண்டன். சுத்தி நிண்டவங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு நல்லா இருந்திச்சு. அதுக்காக இன்னும் ரெண்டு சொல்லுக் கூட்டிச் சொன்னன்."

மன்னிப்புக் கேட்க என்று பாதையில் வரும்போது கோத்து வைத்திருந்த வசனங்கள் அவருக்கு நினைவு வரவில்லை. வரிசையின் நடுவிலிருந்த ஒரு தாய், பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "எங்கட வீட்டுக்கு மிஸ்ஸி வராத மாசம் இல்ல" என்றாள் வெடுக்கென்று. "எங்கடைக்கும்." "மழை வெள்ளத்துக்குள்ள ஸ்கூட்டியைப் பாதையடியில விட்டிட்டு நடந்து வந்தவ." குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. முறையிட்டவன் தனக்கென்ன, கேள்விப்பட்டதைத்தானே சொன்னேன் என்று முணுமுணுத்தபடி வாசலைப் பார்த்தான்.

"போதும், போதும்" என்றார் அஸீமா. "கஜானி, நீங்க இஞ்சதான். நீங்க வேலையைப் பாருங்க." பிறகு நாகரெத்தினத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மறுபடியும் நெற்றிக்கு ஏற்றினார்.

அவர் தராசடிக்குப் போனார். பையிலிருந்த புளக்கை எடுத்தார். "மிஸ்ஸி, இது சூடு கூடினது. ஒங்கட ஓட்டத்துக்கு இதுதான் சரி. அண்டைக்கே போட்டுத் தந்திருக்கணும்."

கஜானி புளக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுவாவது இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"கல்முனையில இர்ஷாத் நானா போட்டுத் தந்திட்டார். போனவுடன அவர் கேட்டது ஒண்டுதான்: மிஸ்ஸி, நீங்க எங்க எங்க ஓடுறீங்க எண்டு." தராசில் இருந்த துணித் தூளியை விரித்தாள். "பின்னால பிள்ளையள் நிக்குது. கொஞ்சம் விலகுங்க."

அவர் விலகினார். ஒரு குழந்தை தூளிக்குள் போய் வீரிட்டது.

வெளியே மதுஷன் மோட்டார் சைக்கிளில் ஏறி, காலை ஊன்றி, தகப்பனைப் பார்க்காமல் நின்றான். அவன் காதுமடல்கள் சிவந்திருந்தன. "ஏறுங்க. பாதையடியில விட்டிட்டு வாறன்."

நாகரெத்தினம் பின்னால் ஏறினார். கட்டடத்து வாசலில் இரண்டு பெண்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பார்வை இனி மகனைத்தான் தினமும் தொடரும் என்பது அவருக்குத் தெரிந்தது.

"சனம் நமக்கு முந்தி வீட்டுக்குப் போய்ச் சேந்திரும்" என்றான் மதுஷன். "தக்சிகா கேட்டா நான் என்ன சொல்ற?"

"நீ ஒண்டும் சொல்ல வேணாம். பாதையடிக்கு விடாத. வீட்டுக்கு விடு."

"என்னத்துக்கு?"

"ஆரோ ஒரு கராச்காரனெண்டு என்னை வெளியில வச்சுக்கொண்டுதான் அவள் ஏசினவள். அது நான்தானெண்டு நானே சொல்லணும். என்னைப் பாத்து ஏசட்டும்."

மதுஷன் கால் மிதியை உதைத்தான். எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. மோட்டார் சைக்கிள் பாதையடித் தெருவை விட்டு, வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியது.